40 சர்வருக்கு ஃபைல் அனுப்ப ஃபார் லூப் போதுமா, இல்ல அன்சிபிளுக்கு மாறணுமா?

மாறன்_நைட்ஷிஃப்ட்:
வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

எங்க டீம்ல 40 லினக்ஸ் சர்வர், எல்லாமே ஒரு லோட் பேலன்சருக்குப் (வர்ற ட்ராஃபிக்கை சர்வர்களுக்குப் பிரிச்சு அனுப்பறது) பின்னாடி. கான்ஃபிக் ஃபைல், எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட், லாக்ரோட்டேட் (லாக் ஃபைல் வளந்துட்டே போகாம பாத்துக்கறது) செட்டிங், ரெண்டு மூணு க்ரான் (குறிச்ச நேரத்துல தானா ஓடற) ஸ்கிரிப்ட், இதெல்லாம் எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும். இதுவரைக்கும் நான் பண்றது என்னன்னா, ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல சர்வர் பேரெல்லாம் இருக்கும், பாஷ் ஸ்கிரிப்ட்ல ஒரு ஃபார் லூப் (சர்வர் ஒவ்வொண்ணுக்கும் அதே வேலை), உள்ள எஸ்சிபி (ஃபைல் காப்பி பண்ற கமாண்ட்), அப்புறம் எஸ்எஸ்ஹெச்ல (ரிமோட் லாகின்) போய் என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) ரீலோட். நாலு வருஷமா இதுதான் ஓடுது.

போன மாசம் சர்டிஃபிகேட் புதுப்பிச்சு அனுப்பினேன். 3 சர்வர்ல டிஸ்க் ரொம்பியிருந்திருக்கு. எஸ்சிபி பழைய ஃபைல் மேலயே நேரா எழுதும் இல்லையா, இடம் இல்லாம பாதியிலயே நின்னுடுச்சு. எர்ரர் வந்திருக்கு, ஆனா லூப் பாட்டுக்கு அடுத்த சர்வருக்குப் போயிடுச்சு, மெசேஜ் ஸ்க்ரீன்ல மேல ஓடிப்போச்சு, நான் கவனிக்கல. அந்த 3லயும் ரீலோடும் ஃபெயில், ஆனா என்ஜின்எக்ஸ் ரீலோட் ஃபெயில் ஆனா மெமரில இருக்கற பழசை வெச்சே ஓடிட்டிருக்கும், அதனால அன்னிக்கு யாருக்கும் எதுவும் தெரியல. பத்து நாள் கழிச்சு பழைய சர்டிஃபிகேட் காலாவதி ஆனப்பதான் வெடிச்சுது. 40ல 3ங்கறதால யாரோ ஒருத்தருக்கு பிரவுசர் எச்சரிக்கை காட்டும், அவரே ரீஃப்ரெஷ் பண்ணா சரியாயிடும். நாங்க பாக்கறப்ப எல்லாம் நல்லா வருது. புடிக்க அரை நாள் ஆச்சு.

இப்ப கேள்வி. நிறைய சர்வரை ஒரே மாதிரி வெச்சிருக்கற டூல்னு கேட்டா அன்சிபிள், பப்பெட், செஃப், சால்ட்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஃபைல் அனுப்பறதுக்கு இவ்வளவு பெரிய டூல் வேணுமா, இல்ல ஸ்கிரிப்டை கொஞ்சம் சரி பண்ணாலே போதுமா?

கவி_பைப்லைன்:
ப்ரோ, எஸ்சிபியை தூக்கிட்டு ஆர்சிங்க் போடுங்க, மேல செட் மைனஸ் ஈ. ஆர்சிங்க் ஒரு டெம்ப் ஃபைல்ல முழுசா எழுதி முடிச்சிட்டுதான் ரீனேம் பண்ணும், டிஸ்க் ரொம்பினாலும் பழைய ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாது (இன்ப்ளேஸ் ஆப்ஷன் மட்டும் போட்டுடாதீங்க, அப்ப பழைய கதைதான்). 1996லருந்து இருக்கற டூல், மாறின பகுதியை மட்டும் அனுப்பும். 40 சர்வருக்கு இது தாராளம்.

தேன்மொழி_ரூட்:
கவி, ஆர்சிங்க் பத்தி சொன்னது சரி. ஆனா செட் மைனஸ் ஈ போட்டா 7வது சர்வர்ல எர்ரர் வந்ததும் லூப் அங்கயே நிக்கும், 8லருந்து 40 வரைக்கும் ஒண்ணுமே போகாது. போடலன்னா மாறனுக்கு நடந்ததுதான் நடக்கும். அப்ப எது போச்சு எது போகலன்னு கணக்கு வெக்கணும், போகாததுக்கு மட்டும் திரும்ப ஓட்டணும், ஃபைல் மாறின சர்வர்ல மட்டும் ரீலோட் பண்ணணும், ஒவ்வொண்ணா போகாம ஒரே நேரத்துல அஞ்சு பத்துக்குப் போகணும்னு ஒவ்வொண்ணா சேத்துக்கிட்டே போவீங்க. நான் முன்னாடி இருந்த எடத்துல அப்படி ஒரு ஸ்கிரிப்ட் 1,400 வரி இருந்துச்சு, எழுதினவர் வேலைய விட்டுப் போனதும் அதுல ஒரு வரியத் தொட யாருக்கும் தைரியம் வரல.

மாறன் தம்பி, உங்க கதைல என்னை உறுத்தறது அந்த பத்து நாள்தான். 3 சர்வர்ல உடைஞ்ச ஃபைல் உக்காந்திருக்கு, அது தெரியறதுக்கு உங்ககிட்ட வழியே இல்ல. ஸ்கிரிப்ட் "அனுப்பு"ன்னு மட்டும்தான் சொல்லுது. அன்சிபிள்ல நீங்க எழுதறது "இந்த எடத்துல, இந்த ஃபைல், இந்த ஓனர், இந்த பர்மிஷனோட இருக்கணும்"னு. காப்பி மாட்யூல் ரெண்டு பக்கமும் செக்சம் (ஃபைல் உள்ள இருக்கறதை வெச்சு கணக்குப் போட்ட அடையாள எண்) எடுத்துப் பாக்கும். ஒண்ணா இருந்தா தொடாது, ஓகேன்னு பச்சைல வரும். வேறயா இருந்தா டெம்ப் ஃபைலா அனுப்பி ரீனேம் பண்ணும், சேஞ்ச்டுன்னு மஞ்சள்ல வரும். ஃபெயில் ஆனா செவப்பு, அந்த சர்வரை மட்டும் ஓரங்கட்டிட்டு மத்ததுல வேலை தொடரும். கடைசில சர்வர் வாரியா ஒரு ரீகேப், அந்த 3ம் அதுல செவப்பா கண்ணு முன்னாடி நிக்கும். ஏஜென்ட்லாம் (சர்வர்லயே எப்பவும் ஓடற ப்ரோக்ராம்) போட வேண்டாம், எஸ்எஸ்ஹெச் போகணும், அந்தப் பக்கம் பைத்தான் இருக்கணும், அவ்வளவுதான்.

ரெண்டாவது தடவை அதே பிளேபுக்கை (இதையெல்லாம் எழுதி வெக்கற அன்சிபிள் ஃபைல்) ஓட்டிப் பாருங்க, சேஞ்ச்டு 0ன்னு வரணும். வரலன்னா பிளேபுக்ல எங்கயோ தப்பு இருக்குன்னு அர்த்தம்.

பழைய_யூனிக்ஸ்காரன்:
தேன்மொழிம்மா சொன்னதுல ஒரு ஓட்டை இருக்கு, சொல்லிடறேன். அன்சிபிள் நீங்க ஓட்டும்போது மட்டும்தான் பாக்கும். அந்த நேரத்துல ஒரு சர்வர் டவுன்ல இருந்தா அன்ரீச்சபிள்னு சொல்லிட்டுப் போயிடும், அப்புறம் அது எழுந்து வந்தா பழைய ஃபைலோடதான் வரும். அடுத்த தடவை நீங்க ஓட்டற வரைக்கும் அப்படியே கெடக்கும்.

பப்பெட் அப்படியில்ல. ஒவ்வொரு சர்வர்லயும் ஏஜென்ட் இருக்கு, 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை அதுவே மாஸ்டர்கிட்ட (நடுவுல இருக்கற பப்பெட் சர்வர்) கேட்டுக்கும், யாராவது கையால ஃபைலை மாத்தியிருந்தாலும் திருப்பி சரி பண்ணிடும். இந்த யோசனை புதுசும் இல்ல, 1993ல மார்க் பர்ஜஸ் சிஎஃப்என்ஜின் எழுதினப்பவே வந்தது, பப்பெட் 2005, செஃப் 2009, சால்ட் 2011, அன்சிபிள் 2012. நான் பப்பெட்ல பல வருஷம் ஓட்டியிருக்கேன், நூத்துக்கணக்கான சர்வர்னா இன்னிக்கும் அதுதான் என் கை போற எடம்.

கஷ்டம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஏஜென்ட் இன்ஸ்டால் பண்ணணும், ஒவ்வொண்ணுக்கும் சர்டிஃபிகேட் சைன் பண்ணணும், 8140 போர்ட் திறந்திருக்கணும், மாஸ்டரை வேற காவல் காக்கணும். சால்ட்டும் வேகமானது, ஆனா அதோட 4505, 4506 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து வெச்சிடாதீங்க. 2020ல ஆத்தென்டிகேஷனையே தாண்டிப் போற ஓட்டை ஒண்ணு வந்துச்சு, மாஸ்டர் கையில கெடைச்சா அதுக்குக் கீழ இருக்கற எல்லா சர்வரும் கையில கெடைச்ச மாதிரி.

கவி_பைப்லைன்:
அண்ணே, 30 நிமிஷத்துல திருப்பி சரி பண்ணும்ங்கறதுதான் எனக்கு பயமே. ராத்திரி 3 மணிக்கு ப்ரொடக்ஷன் விழுந்து, ஆன்கால்ல இருக்கறவன் கான்ஃபிக்ல ஒரு டைம்அவுட்டை கையால மாத்தி நிறுத்தி வெச்சிட்டு தூங்கப் போவான், மூணரைக்கு பப்பெட் வந்து பழையபடி வெச்சிட்டுப் போகும். நான் ரெண்டு தடவை பாத்திருக்கேன்.

பழைய_யூனிக்ஸ்காரன்:
அதுக்குத்தான் ஏஜென்ட்ல டிசேபிள் இருக்கு தம்பி, கூடவே காரணமும் எழுதி வெக்கலாம், அடுத்து வர்றவன் ஓட்டிப் பாத்தா அந்தக் காரணம் அப்படியே கண்ணுல படும். திரும்ப எனேபிள் பண்ண மறந்து போறதும் நடக்கும், ஒத்துக்கறேன். டிசேபிள்ல கெடக்கற ஏஜென்ட்டுக்கு ஒரு அலர்ட் கண்டிப்பா வேணும்.

மாறன்_நைட்ஷிஃப்ட்:
அக்கா, அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. ஏஜென்ட் வேண்டாம்ங்கறதால முதல்ல அன்சிபிள் புடிச்சேன். டெஸ்ட் சர்வர் ரெண்டுல ஆப் கான்ஃபிக் ஃபைலை காப்பி பண்ணேன், சேஞ்ச்டுன்னு அழகா வந்துச்சு. ஆனா ஆப் ஸ்டார்ட் ஆகல, பர்மிஷன் டினைட்ங்குது. எல்எஸ் அடிச்சுப் பாத்தா பர்மிஷன் எடத்துல விசித்திரமா வருது. ஓனருக்கு டபிள்யூ மட்டும் இருக்கு, ஆர் இல்ல. குரூப்புக்கு ஒண்ணுமே இல்ல. மத்தவங்களுக்கு ஆர் இருக்கு, கடைசில ஒரு பெரிய டி. நான் மோட்ல 644னுதான் குடுத்தேன், ரெண்டு மூணு தடவை பாத்துட்டேன், 644தான்.

தேன்மொழி_ரூட்:
முன்னாடி ஜீரோ போடல, கொட்டேஷனும் போடல, சரியா? யாமல் (பிளேபுக் எழுதற ஃபார்மட்) அதை சாதாரண தசம எண் 644னு எடுத்துக்கும். பர்மிஷனுக்கு வேண்டியது ஆக்டல் (8ஐ அடிப்படையா வெச்ச எண்). தசம 644ஐ ஆக்டலுக்கு மாத்துனா 1204 வரும். ஒவ்வொண்ணா பாருங்க: 1 ஸ்டிக்கி பிட், அதுதான் அந்த டி. 2ன்னா ஓனருக்கு ரைட் மட்டும். 0ன்னா குரூப்புக்கு ஒண்ணும் இல்ல. 4ன்னா மத்தவங்களுக்கு ரீட். நீங்க பாத்தது அப்படியே இதுதான்.

இதுல இன்னொண்ணு கவனிங்க. சர்வர்ல இருக்கற எந்த யூசர் வேணும்னாலும் ஃபைலைப் படிக்கலாம், ஆனா அந்த ஃபைலோட ஓனரான உங்க ஆப் யூசர் படிக்க முடியாது, ஏன்னா கெர்னல் முதல்ல நீ ஓனரான்னு பாக்கும், ஆமான்னா ஓனர் பிட்டை மட்டும்தான் பாக்கும், மத்தவங்க பிட்டுக்கு வரவே வராது. அதுல டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருந்திருந்தா? எப்பவும் கொட்டேஷனுக்குள்ள 0644னு எழுதுங்க, பழக்கமாவே ஆக்கிக்கங்க.

மாறன்_நைட்ஷிஃப்ட்:
அய்யோ அக்கா, டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் அதுலதான் இருக்கு. நல்லவேளை டெஸ்ட் சர்வர். கொட்டேஷன் போட்டேன், சரியாயிடுச்சு.

செல்வா_டெவ்:
இடையில புகுந்ததுக்கு மன்னிக்கவும், எனக்கும் இதே டாபிக்தான். வெப்சைட்டோட ஸ்டாட்டிக் ஃபோல்டர், உள்ள 3,000 ஃபைலுக்கு மேல. காப்பி மாட்யூல்ல ஃபோல்டரையே குடுத்தேன், வேலை செய்யுது ஆனா டீ குடிச்சிட்டு வந்தாலும் முடியல. என்ன பண்றது?

கவி_பைப்லைன்:
காப்பி மாட்யூல் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியா போய் செக் பண்ணிட்டு வரும், சில நூறுக்கு மேல போனா அது தாங்காதுன்னு அவங்க டாக்குமென்டேஷன்லயே இருக்கு. சிங்க்ரனைஸ் மாட்யூலுக்கு மாறுங்க, அது உள்ளுக்குள்ள ஆர்சிங்க்தான். ஃபைல் சைஸும் மாறின நேரமும் ஒண்ணா இருந்தா தாண்டிப் போயிடும், அதனாலதான் அவ்வளவு வேகம்.

ஆனா மாறறதுக்கு முன்னாடி நான் பட்டதைக் கேளுங்க. ஆர்சிங்க்ல சோர்ஸ் ஃபோல்டர் பேருக்குப் பின்னாடி ஸ்லாஷ் போட்டா உள்ள இருக்கறது மட்டும் போகும், போடலன்னா ஃபோல்டரே போய் உள்ள உக்காரும். இது எனக்குத் தெரியும். எனக்குத் தோணாம போனது டிலீட் ஆப்ஷன். சோர்ஸ்ல இல்லாதது டெஸ்டினேஷன்ல இருந்தா அழிச்சிடும், பழைய ஃபைல் மிச்சம் இருக்கக் கூடாதுன்னு நானேதான் ஆன் பண்ணேன். அந்த ஆப்ல யூசருங்க ஏத்தற போட்டோ எல்லாம் அதே ஃபோல்டருக்குள்ள அப்லோட்ஸ்னு ஒரு சப்ஃபோல்டர்ல இருந்துச்சு. கிட்ல (நாங்க கோடு, ஃபைல் எல்லாம் வெச்சிருக்கற எடம்) அந்த ஃபோல்டர் கெடையாது, இருக்கவும் கூடாது. ஆர்சிங்க் பார்வைல அது வேண்டாத குப்பை. ஓட்டி முடிச்சு அஞ்சு நிமிஷத்துல போட்டோ எல்லாம் காணோம்னு கால் வருது. முந்தின நாள் பேக்கப்லருந்து எடுத்தோம், ஆனா அன்னிக்குக் காலைல இருந்து ஜனங்க ஏத்தினது போனது போனதுதான், இன்னிக்கும் அதை நெனச்சா மனசு சங்கடமா இருக்கு.

அதுக்கப்புறம் டிலீட்டை ஆன் பண்ற எந்த டாஸ்க்கையும் முதல்ல ட்ரை ரன்ல (நிஜமா எதையும் மாத்தாம, என்ன நடக்கும்னு மட்டும் காட்டறது) ஓட்டாம விடறதில்ல. அவுட்புட்ல டிலீட்டிங்னு ஆரம்பிக்கற வரிகளை மட்டும் கிரெப் பண்ணி ஒவ்வொரு வரியையும் கண்ணால படிப்பேன். அப்லோட்ஸை எக்ஸ்க்ளூட்ல போட்டுட்டேன், டெவலப்பர்கிட்ட சொல்லி அந்த ஃபோல்டரையே வெளிய மாத்தியும் வெச்சாச்சு.

செல்வா_டெவ்:
நன்றிங்க. எங்ககிட்டயும் அதே மாதிரி ஒரு ஃபோல்டர் உள்ளதான் இருக்கு, நல்லவேளை கேட்டேன். பெரிய ஃபைலுக்கும் சிங்க்ரனைஸ்தானா? ஒரு 500 எம்பி பேக்கேஜ் இருக்கு.

பழைய_யூனிக்ஸ்காரன்:
வேண்டாம். 500 எம்பியை 40 சர்வருக்கு ஒரே மெஷின்லருந்து தள்ளினா 20 ஜிபி உங்க ஒரு லைன் வழியாப் போகணும். உள்ள ஒரு வெப் சர்வர்ல வெச்சிட்டு கெட்_யூஆர்எல் மாட்யூல்ல ஒவ்வொரு சர்வரும் தானா எடுத்துக்கற மாதிரி பண்ணுங்க. எஸ்ஹெச்ஏ256 செக்சம் கூடவே குடுங்க, அரைகுறையா வந்தா அதுவே ஃபெயில் பண்ணிடும், செக்சம் பொருந்தற ஃபைல் ஏற்கெனவே இருந்தா டவுன்லோடும் பண்ணாது.

மாறன்_நைட்ஷிஃப்ட்:
மறுபடி நான்தான். 8 சர்வருக்கு என்ஜின்எக்ஸ் கான்ஃபிக் அனுப்பினேன், ரீலோடை ஹேண்ட்லர்ல வெச்சேன். நடுவுல வேற ஒரு டாஸ்க் 2 சர்வர்ல ஃபெயில் ஆச்சு, க்ரான் ஸ்கிரிப்ட் பாத்ல எழுத்துப்பிழை, என் தப்புதான். திருத்திட்டு திரும்ப ஓட்டினேன், எட்டுலயும் செவப்பே இல்ல. ஆனா அந்த 2 சர்வர் மட்டும் பழைய கான்ஃபிக்லயே பதில் சொல்லுது. ஃபைலைத் திறந்து பாத்தா புதுசுதான் இருக்கு.

தேன்மொழி_ரூட்:
தம்பி, இது எல்லாரும் ஒரு தடவையாவது மாட்டற எடம், கொஞ்சம் நிதானமாப் படிங்க.

ஹேண்ட்லர் உடனே ஓடாது. காப்பி டாஸ்க் சேஞ்ச்டுன்னு வந்தா ஹேண்ட்லருக்கு ஒரு நோட்டிஃபை போகும், டாஸ்க் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் அது ஓடும். முதல் தடவை ஓட்டினப்ப அந்த 2 சர்வர்ல கான்ஃபிக் போயிடுச்சு, நோட்டிஃபையும் ஆச்சு, அப்புறம் க்ரான் டாஸ்க் ஃபெயில் ஆனதால அந்த சர்வர் ப்ளேயை விட்டு வெளிய போயிடுச்சு, காத்துக்கிட்டிருந்த ஹேண்ட்லரும் அதோட போச்சு. ரெண்டாவது தடவை ஓட்டறீங்க. காப்பி டாஸ்க் செக்சம் பாக்குது, ஃபைல் ஏற்கெனவே புதுசா இருக்கு, ஓகேங்குது. சேஞ்ச்டு இல்ல, அதனால நோட்டிஃபை இல்ல, அதனால ரீலோடும் இல்ல. இனிமே நூறு தடவை ஓட்டினாலும் அந்த 2லயும் ரீலோட் நடக்காது. டிஸ்க்ல புதுசு, மெமரில பழசு. உங்க சர்டிஃபிகேட் விஷயத்துல நடந்தது வேற ரூபத்துல திரும்ப வந்திருக்கு.

வழி ரெண்டு இருக்கு. ப்ளேல ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸை ஆன் பண்ணா பின்னாடி டாஸ்க் ஃபெயில் ஆனாலும் நோட்டிஃபை ஆன ஹேண்ட்லர் ஓடும். இல்லன்னா கான்ஃபிக் டாஸ்க் முடிஞ்ச கையோட மெட்டா டாஸ்க்ல ஃப்ளஷ் ஹேண்ட்லர்ஸ் போட்டு அப்பவே ஓட வெச்சிடலாம். நான் ரெண்டாவதுதான் பண்ணுவேன், கான்ஃபிக்கும் ரீலோடும் ஒட்டி நடந்தா எங்க உடைஞ்சுதுன்னு உடனே தெரியும். இப்போதைக்கு அந்த 2லயும் கையால என்ஜின்எக்ஸ் டி போட்டு டெஸ்ட் பண்ணிட்டு ரீலோட் பண்ணிடுங்க.

இதோட சேத்து இன்னும் கொஞ்சம், ப்ரொடக்ஷனுக்குப் போறதுக்கு முன்னாடி:

வேலிடேட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, ஃபைலை அதோட எடத்துல வெக்கறதுக்கு முன்னாடி ஒரு கமாண்ட் ஓட்டி சரிபாக்கும். சுடோயர்ஸ் (யாருக்கு ரூட் அதிகாரம்னு சொல்ற) ஃபைலுக்கு விசுடோ செக் இல்லாம அனுப்பவே அனுப்பாதீங்க, ஒரு எழுத்து தப்பா போனா 40 சர்வர்லயும் சுடோ போயிடும், அன்சிபிளும் சுடோ வழியாதான் ரூட் ஆகுது, அப்ப திருத்தறதுக்கும் உள்ள போக முடியாது. என்ஜின்எக்ஸோட துண்டு கான்ஃபிக்குக்கு மட்டும் இது நேரா சரிப்படாது, ஏன்னா ஹெச்டிடிபி ப்ளாக் மெயின் ஃபைல்ல இருக்கும், துண்டை மட்டும் குடுத்தா எர்ரர்தான் வரும். அதுக்கு ஃபைலை வெச்ச பிறகு தனி டாஸ்க்கா முழு கான்ஃபிக்கையும் டெஸ்ட் பண்ணிட்டு ரீலோடுக்குப் போங்க.

அப்புறம் சீரியல், ஒரு தடவைக்கு எத்தனை சர்வர்ங்கறது. முதல்ல 1, அடுத்து 5, அப்புறம் மிச்சம் எல்லாம்னு லிஸ்டா குடுக்கலாம். மேக்ஸ் ஃபெயில் பர்சன்டேஜை 0ன்னு வெச்சா முதல் சர்வர் உடைஞ்சதுமே மிச்ச 39ம் தப்பிச்சிடும். இது இல்லாம லோட் பேலன்சருக்குப் பின்னாடி கை வெக்காதீங்க.

ப்ரைவேட் கீயை வால்ட்ல என்க்ரிப்ட் பண்ணி கிட்ல வெக்கலாம், காப்பி பண்ணும்போது அதுவே டீக்ரிப்ட் பண்ணிக்கும். சர்வர்ல போய் உக்காரும்போது வெறும் டெக்ஸ்ட்தான், அதனால மோட் 0600. டிஃப் ஆப்ஷனோட ஓட்டினா ஃபைல் உள்ள இருக்கறது ஸ்க்ரீன்லயும் சிஐ லாக்லயும் வந்துடும், ரகசிய ஃபைல் டாஸ்க்ல டிஃப்பை ஆஃப் பண்ணி நோ லாக் போட்டுடுங்க.

கவி_பைப்லைன்:
அக்கா சொன்னதோட ஒண்ணு. கிட்லருந்து ஒரு ஃபைலை எடுத்துட்டா சர்வர்லருந்தும் போயிடும்னு நெனைக்காதீங்க மாறன். க்ரான் ஃபைல்னா இது ரொம்ப ஆபத்து, பிளேபுக்ல தடயமே இருக்காது ஆனா 40 சர்வர்லயும் ராத்திரி ஓடிட்டே இருக்கும். முதல்ல ஸ்டேட் ஆப்சென்ட்னு எழுதி எல்லாத்துலயும் ஓட்டிட்டு, எங்கயும் இல்லன்னு உறுதியான பிறகு அந்த டாஸ்க்கை எடுங்க.

மாறன்_நைட்ஷிஃப்ட்:
ரெண்டு வாரம் ஆச்சு, என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டா நல்லா இருக்காது.

ப்ரொடக்ஷன்ல நேரா ஓட்டல. முதல்ல 40லயும் செக் மோட் (மாத்தாம, என்ன மாறும்னு மட்டும் சொல்றது), டிஃப்போட. நான் எல்லாம் ஒண்ணா இருக்குன்னு நம்பிட்டிருந்த ஃபைல்கள்ல 11 சர்வர்ல ஏதாவது ஒண்ணு வேறயா இருந்துச்சு. பெரும்பாலும் பழைய வெர்ஷன். ஆனா ஒரு சர்வர்ல பேக்கப் ஸ்கிரிப்ட்ல ரெண்டு வரி கூடுதலா இருந்துச்சு, ஏற்கெனவே ஒரு பேக்கப் ஓடிட்டிருந்தா ரெண்டாவது ஆரம்பிக்காம இருக்கறதுக்கு ஒரு லாக் செக். கூட வேலை செய்யறவர் எப்பவோ கையால சேத்தது, அதுதான் சரியானதும் கூட. பாக்காம ஓட்டியிருந்தா அழிச்சிருப்பேன். அதை கிட்ல சேத்துட்டு, சீரியல் 1, 5, மிச்சம்னு ஓட்டினேன். ரெண்டாவது ஓட்டத்துல சேஞ்ச்டு 0.

பழைய யூனிக்ஸ் அண்ணன் சொன்ன ஓட்டைக்கு, தினமும் காலைல செக் மோட்ல மட்டும் ஒரு க்ரான் ஓடுது. ஏதாவது சர்வர்ல சேஞ்ச்டு, அன்ரீச்சபிள், ஃபெயில் எது வந்தாலும் எனக்கு மெயில். தானா எதையும் மாத்தாது, நான் பாத்துட்டுதான் ஓட்டுவேன்.

பழைய_யூனிக்ஸ்காரன்:
நல்ல ஏற்பாடு. 40 சர்வருக்கு இது போதும், 400 ஆகும்போது பப்பெட் பத்தி திரும்பப் பேசுவோம். ஒண்ணு மட்டும் கேக்கணும்னு முதல் நாள்லருந்து நெனச்சிட்டிருக்கேன், யாருமே கேக்கல. அந்த 3 சர்வர்ல மட்டும் டிஸ்க் ஏன் ரொம்புச்சு? மத்த 37ல ஏன் ரொம்பல?

மாறன்_நைட்ஷிஃப்ட்:
அண்ணே, செக் மோட்ல அதுவும் வந்துச்சு. அந்த 3லயும் லாக்ரோட்டேட் ஃபைலே இல்ல. போன வருஷம் அதே ஃபார் லூப்ல அனுப்பினதுதான், அந்த 3க்குப் போய்ச் சேரவே இல்ல போல, லாக் ஒரு வருஷமா வளந்துட்டே இருந்திருக்கு. இப்ப அதுவும் பிளேபுக்ல இருக்கு, 40லயும் ஓகே.